புது ரிம், பழைய கார்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

ரிம் மாற்றிய பிறகு கார் நடுங்குகிறது, உரசுகிறது, ஸ்டியரிங் கனக்கிறது என்று பட்டறைக்குப் போனால், முதலில் பேலன்ஸிங் பார்ப்பார்கள். அப்புறம் அலைன்மென்ட். அதிலும் சரிவரவில்லை என்றால் ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தட்டு ஒன்றை வைத்து அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூரில் பட்டறைகள் நிறைந்த சின் மிங், காக்கி புக்கிட், ஊபி என்று சுற்றி, ரிம்முக்குக் கொடுத்த காசில் பாதியை இப்படியே செலவழித்தவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் நிறைய. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை ரிம்மின் பின்பக்கத்திலேயே அச்சாகி இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ரிம்மைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உதாரணமாக 14×5½ஜே, ஈடி30, 5×112 என்று இருக்கும். 14 அங்குலம் விட்டம், ஐந்தரை அங்குலம் அகலம், ஜே என்பது விளிம்பு வடிவத்தின் குறி. ஈடி என்பது ஆஃப்செட்: ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் (அச்சு முனையில் சக்கரத்தை மாட்டும் பகுதி) போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் கூடினால் சக்கரம் காருக்குள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். 5×112 என்பது ஐந்து போல்ட், அவை அமரும் வட்டத்தின் விட்டம் 112 மி.மீ. இதைத்தான் பிசிடி என்கிறார்கள். நடு ஓட்டையின் விட்டம் பல ரிம்களில் அச்சாகி இருக்காது. வெர்னியர் வைத்து நீங்களே அளக்க வேண்டும்.

போல்ட் ஏறுகிறது, ஆனால் சற்றுச் சாய்ந்து ஏறுகிறது

உடனே நிறுத்துங்கள். பிசிடி தவறு. பழைய ஃபியட், ஆல்ஃபா ரோமியோ கார்களில் 4×98 உண்டு. சந்தையில் எளிதாகக் கிடைப்பதோ 4×100. இரண்டு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று அழுத்தி முறுக்கினால் ஏறத்தான் செய்யும். அப்படி ஏறிய போல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் ரிம்மைக் கடிக்கும், மறுபக்கம் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். ஓட ஓடத் தளரும், இல்லையென்றால் போல்ட்டின் கழுத்தில் விரிசல் விடும். 5×112க்கும் 5×114.3க்கும் இதே கதைதான்.

சில கார்களில் போல்ட்டுக்குப் பதில் ஹப்பிலேயே ஸ்டட் (நீட்டி நிற்கும் மரையாணி) இருக்கும், அதன் மேல் நட்டு ஏறும். நான்கு ஸ்டட் உள்ள காரில் அளப்பது சுலபம். ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து நேர் எதிரே இருக்கும் ஸ்டட்டின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுதான் பிசிடி. ஐந்து ஸ்டட்டில் நேர் எதிரே எதுவும் இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்களின் நடுவிலிருந்து நடு வரை அளந்து 1.701 ஆல் பெருக்குங்கள். 65.8 வந்தால் 112, 67.2 வந்தால் 114.3, 70.5 வந்தால் 120. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் என்பதால் தையல் டேப் வைத்து அளந்துவிட்டு ரிம் வாங்கப் போகாதீர்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் வருடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தைய கார்களில் 5×205, 1968 மாடலிலிருந்து பெரும்பாலானவற்றில் 4×130. இடையில் யாராவது டிரம்மையே மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே பதிவுப் பத்திரத்தைப் பார்த்து வாங்காமல் காரைப் பார்த்து வாங்குங்கள்.

பிசிடியை மாற்றித்தரும் அடாப்டர் தட்டுகள் இருக்கின்றன. நல்ல தயாரிப்பாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் அதன் தடிமனை ஆஃப்செட்டிலிருந்து கழிக்க மறந்துவிடக் கூடாது. ஈடி45 ரிம்முக்குப் பின்னால் 25 மி.மீ. அடாப்டர் வைத்தால், காரைப் பொறுத்தவரை அது ஈடி20 ரிம்தான்.

80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, பேலன்ஸிங் பண்ணியும் போகவில்லை

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். விரைவுச்சாலையில் 80க்கு மேல் ஏறும்போது ஆரம்பித்து, 90ஐ நெருங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை மரத்துப்போகும் அளவுக்கு நடுங்கும்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இருபது நிமிடம் ஓட்டியதும் நடுக்கம் தானாகக் குறைகிறதா? குறைந்தால் ரிம் மீது பழி போடாதீர்கள். பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இருக்கும் காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடுகிறது. சூடேறியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நிறுத்தி வைக்கும்போது காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை காரை அரைச் சுற்று தள்ளி வைத்தால் இது பெருமளவு போய்விடும்.

குறையவே இல்லை என்றால் நடு ஓட்டையைப் பாருங்கள். கடையில் வாங்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு வருகின்றன, 73.1 மி.மீ. பரவலாகக் காணப்படும் அளவு. மெர்சிடிஸ் டபிள்யூ123இன் ஹப் 66.6, பிஎம்டபிள்யூ ஈ30இன் ஹப் 57.1. அசல் ரிம் ஹப்பின் உதட்டில் இறுக்கமாக உட்கார்ந்து தானாக நடுவுக்கு வந்துவிடும். புது ரிம்முக்கு அந்தப் பிடி இல்லை. எந்தப் பக்கத்துப் போல்ட்டை முதலில் முறுக்கினார்களோ அதைப் பொறுத்து ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் ஒதுங்கி நிற்கும். பேலன்ஸிங் இயந்திரம் ரிம்மைத் தன் கூம்பில் சரியாக நடுவில் பிடித்துக்கொண்டு அளக்கிறது, அதனால் அங்கே எல்லாம் பூஜ்யம் காட்டும். காரில் மாட்டியதும் நடுக்கம் திரும்பி வந்துவிடும். எடைக்கட்டியை எத்தனை முறை மாற்றி ஒட்டினாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

மருந்து ஹப் வளையம், அதாவது ஹப்புக்கும் ரிம்மின் நடு ஓட்டைக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம். வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 66.6 என்று இரண்டு எண்ணையும் சொல்லி வாங்க வேண்டும். பிளாஸ்டிக்கை விட அலுமினிய வளையம் பிரேக் சூட்டைத் தாங்கும். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அலுமினியமும் இரும்பு ஹப்பும் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும், ஆகவே மாட்டும் முன் காப்பர் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மிளகாய் விதை அளவு துருப் பொருக்கு போதும், சக்கரம் கோணலாக உட்கார. சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போதே நட்டுகளை எதிரெதிராகக் கையால் இறுக்கி, அப்புறம் காரை இறக்கி டார்க் ஸ்பேனர் (குறித்த இறுக்கம் வந்ததும் டக்கென்று சொல்லும் ஸ்பேனர்) போடுங்கள். கார் எடை விழுந்த பிறகு முறுக்க ஆரம்பித்தால் ரிம் கீழ்ப்பக்கம் ஒதுங்கியே இறுகும்.

இதற்குப் பிறகும் நடுங்கினால் முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு வந்தால் ரிம்மிலோ டயரிலோ கோளாறு. ஸ்டியரிங்கிலேயே இருந்தால் பேரிங், பால் ஜாயின்ட், ஐட்லர் ஆர்ம் பக்கம் போங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு ரிம் போட்டவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. ஒரே அளவு போடச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நட்டு தளர்கிறது, அல்லது திருப்பத்தில் டிக் டிக் என்று சத்தம்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. மற்றதெல்லாம் எரிச்சல், இது உயிர் விஷயம்.

போல்ட்டின் தலையும் ரிம்மின் குழியும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். பழைய மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன் அசல் போல்ட்களின் உட்காரும் பகுதி பந்து போல் உருண்டையாக இருக்கும். கடை ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்புக் குழி. உருண்டையைக் கூம்புக்குள் வைத்து முறுக்கினால் இறுகினது போலத்தான் தெரியும், ஸ்பேனரும் டக்கென்று சொல்லும். சந்தேகம் என்றால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு போல்ட்டைக் கழற்றி, டார்ச் அடித்துக் குழியைப் பாருங்கள். சரியான ஜோடி என்றால் குழிச் சுவர் முழுக்க அகலமான பளபளப்புப் பட்டை தெரியும். தவறான ஜோடி என்றால் பென்சிலால் கோடு போட்டது போல் ஒரே ஒரு மெல்லிய வளையம், அதன் ஓரத்தில் அலுமினியம் நசுங்கிப் பிதுங்கியிருக்கும். அந்தக் கோடு மட்டும்தான் உங்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. உருண்டைத் தலையிலும் மெர்சிடிஸின் 12 மி.மீ. போல்ட்டுக்கு ஆரம் 12, ஃபோக்ஸ்வாகனின் 14 மி.மீ. போல்ட்டுக்கு 13. ஆகவே உருண்டை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது நீளம். பழைய இரும்பு ரிம் மெல்லியது, அலாய் தடிமனானது. அசல் போல்ட்டையே போட்டால் உள்ளே நான்கைந்து சுற்றுதான் பிடிக்கும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரைக்குள் போக வேண்டும். எம்12×1.5 (12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) என்றால் எட்டுச் சுற்று, எம்12×1.25 என்றால் பத்து. கையால் முறுக்கும்போதே எண்ணுங்கள். அதே நேரம் ரொம்ப நீளமான போல்ட் பின்பக்கம் வெளியே வந்து பிரேக் பாகங்களில் இடிக்கலாம். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

டொயோட்டா ஸ்டட்டின் மரை இடைவெளி 1.5, நிசானில் 1.25. பழைய டட்சனுக்கு டொயோட்டாக்காரர் கொடுத்த நட்டைப் போட்டால் முதல் இரண்டு சுற்று போய்ச் சிக்கும். அங்கே நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியை வைத்தால் ஸ்டட் கெட்டுவிடும். பட்டறையில் எத்தனை அவசரம் என்றாலும் சரி, "முதலில் கையால் போடுங்க அண்ணே" என்று சொல்லத் தயங்காதீர்கள். புது ரிம் போட்டு நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் பார்ப்பது கட்டாயம்.

உரசுகிறது

எப்போது உரசுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் என்றால் டயரின் தோள் உள்பக்க லைனரையோ ஆன்டி-ரோல் பாரையோ தொடுகிறது. ஆள் ஏற்றிக்கொண்டு வேகத்தடை ஏறி இறங்கும்போது என்றால் ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் தகடு) உதடு. நேராக ஓடும்போதே தொடர்ந்து உரசுகிறது என்றால் உள்பக்கம் ஷாக் அப்சார்பரிலோ ஸ்பிரிங் தட்டிலோ படுகிறது. இந்தக் கடைசி வகையில் டயரின் பக்கச் சுவர் அறுபட்டுக்கொண்டே போகும், ஒரு நாள் கூட ஓட்டாதீர்கள்.

வாங்கும் முன்பே இதைக் கணக்கில் பிடித்துவிடலாம். அசல் ரிம் 5½ஜே ஈடி30, நீங்கள் ஆசைப்படுவது 7ஜே ஈடி25 என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, அதாவது 38 மி.மீ. அதில் பாதி, 19, வெளியே. மறுபாதி உள்ளே. ஆஃப்செட் ஐந்து குறைந்ததால் எல்லாம் ஐந்து மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. ஆக, வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகும். இப்போது காரில் போய் அசல் ரிம்மைச் சுற்றி அந்த 24உம் 14உம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். டயரின் பக்கச் சுவர் ரிம்மைத் தாண்டிப் பிதுங்கும், அதற்கும் சேர்த்து இடம் வேண்டும்.

அளக்கும்போது ஜாக்கியில் தூக்கிய கார் பொய் சொல்லும். சக்கரம் தொங்கிக்கொண்டிருப்பதால் இடம் தாராளமாகத் தெரியும். உடலை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் வைத்துச் சஸ்பென்ஷனை மேலே தள்ளி, அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். மாட்டிய பிறகு எங்கே படுகிறது என்று தெரியாவிட்டால், ஃபெண்டர் உதட்டின் உள்பக்கம் சாக்பீஸைப் பட்டையாகப் பூசி, பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் பிரச்சினை.

உதட்டை மடிக்கலாம், வெட்டலாம் என்று சொல்வார்கள். நாற்பது ஐம்பது வருடமாகத் துருப்பிடிக்காமல் தப்பித்த தகட்டை ஒரு ரிம்முக்காக வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயின்ட் விட்ட இடத்தில் நம் ஊர் மழை புகுந்தால் இரண்டு பருவத்துக்குள் கொப்புளம் கிளம்பும். ரிம்மை விற்றுவிட்டு வேறு வாங்கலாம், அந்த ஃபெண்டரை மறுபடி வாங்க முடியாது.

சக்கரம் மாட்டியதும் சுற்றவே இல்லை, அல்லது பிரேக் கேலிப்பரில் கீறுகிறது

ஒரிஜினல் மினியில் இது அடிக்கடி நடக்கும். 1984இல் மினிகள் 8.4 அங்குல முன் டிஸ்க்கும் 12 அங்குல ரிம்மும் கொண்டு வந்தன. அந்தக் காருக்குப் பழைய தோற்றம் வேண்டும் என்று 10 அங்குல ரிம் வாங்கினால் பிரேக் மேல் ஏறாது. சின்ன பிரேக்குக்கு மாற வேண்டும், இல்லை 12இலேயே இருக்க வேண்டும்.

மற்ற கார்களில் விட்டம் போதும், ஆரக்கால்தான் இடிக்கும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கேலிப்பரின் வெளிமுகத்தில் ஒரு விரல் தடிமனுக்கு ஒட்டி, ரிம்மை மாட்டி, இரண்டு நட்டு போட்டு, மெல்லச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் மெல்லிய ஸ்பேசர் ஒரு வழி, ஆனால் அதன் தடிமன் அளவுக்கு ஹப் உதடும் மரையும் குறைந்துவிடும். மேலே சொன்ன சுற்றுகளை மறுபடி எண்ணுங்கள்.

ஸ்டியரிங் கனக்கிறது, சாலையின் பள்ளக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறது

ஆஃப்செட் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது, அல்லது டயர் மிக அகலம். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் 155, 165 மி.மீ. அகல டயருக்காக வரைந்த முன் சஸ்பென்ஷன் அது. சக்கரத்தை வெளியே தள்ளினால், தரையைத் தொடும் இடம் ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகிப் போகிறது. சாலையின் ஒவ்வொரு குண்டும் குழியும் நெம்புகோல் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். பேரிங் மீது சுமை கூடி, சில மாதத்தில் ஊம் என்ற முனகல் ஆரம்பிக்கும். அலைன்மென்ட்டால் இது தீராது. அசல் ஆஃப்செட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

வேகமானி தப்பாகக் காட்டுகிறது

டயரின் மொத்த விட்டம் மாறிவிட்டது. 195/70 ஆர்14 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, ரிம் 14 அங்குலம். அந்த டயரின் விட்டம் சுமார் 629 மி.மீ. அதற்குப் பதில் 205/60 ஆர்15 போட்டால் 627. வேகமானிக்கு வித்தியாசமே தெரியாது, டயரும் 5½ஜேயிலிருந்து 7½ஜே வரை உட்காரும். டபிள்யூ123காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் மாற்று இதுதான். 165/80 ஆர்13க்கு (594 மி.மீ.) 185/60 ஆர்14 போட்டால் 578. கிட்டத்தட்ட மூன்று விழுக்காடு குறைவு, முள் 90 காட்டும்போது கார் 87 அல்லது 88இல் போகும். விட்டம் கூடினால் நிலைமை தலைகீழ்: முள் 90, கார் அதற்கு மேல், வேகக் கேமராவுக்கு உங்கள் கணக்கு தெரியாது.

10, 13 அங்குலத்தில் நல்ல டயர் கிடைப்பது வர வரக் கடினமாகிவருவதால் ஓர் அங்குலம் ஏறுவதை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறினால் பழைய காரின் முகமே மாறிவிடுகிறது. டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அரிய அளவு என்று பல வருடம் கிடங்கில் கிடந்ததைத் தலையில் கட்டிவிடக்கூடும்.

எண்பதுகளின் சில பிஎம்டபிள்யூக்களில் மில்லிமீட்டரில் அளவிட்ட 390 மி.மீ. டிஆர்எக்ஸ் ரிம் உண்டு. 15 அங்குலம் என்பது 381 மி.மீ. சாதாரண 15 அங்குல டயரை அதில் ஏற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

காற்று மெல்ல இறங்குகிறது

ஆரக்கம்பி ரிம் என்றால் பெரும்பாலும் டியூப் வேண்டும், கம்பி முனை வழியே காற்று போகும். மிகப் பழைய ரிம்களில் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது, அவற்றுக்கும் டியூப்தான். ரிம்மில் எச்2 என்று இருந்தால் இரண்டு பக்கமும் மேடு உண்டு என்று பொருள். செகண்ட்ஹேண்ட் அலாய் என்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஆரக்காலின் அடியிலும் வால்வு ஓட்டையைச் சுற்றியும் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வால்வில் வந்தால் சில்லறைச் செலவு. ஆரக்காலின் வேரில் வந்தால் அது விரிசல், பற்றவைத்து ஓட்டுவதற்கில்லை. ஜப்பானிய ரிம் என்றால் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரையையும், ஒரு சக்கரம் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணையும் வாங்கும் முன்பே தேடுங்கள். கனமான காரின் முன் அச்சு எடையில் பாதியைவிட அந்த எண் நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் பரிசோதனையில் தேறவில்லை

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி சக்கரம் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. பரிசோதனை நிலையத்தில் போய் வாதாடுவதைவிட, வீட்டிலேயே ஒரு நூலில் நட்டைக் கட்டி, சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே ஃபெண்டர் உதட்டிலிருந்து தொங்கவிடுங்கள். ஸ்டியரிங் நேராக, கார் சமதளத்தில் இருக்கட்டும். நூல் டயரையோ ரிம்மையோ தொடாமல் தரை வரை இறங்கினால் போதும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பழைய காரில் பின் அச்சு சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பது சகஜம், இடது பக்கம் தேறிய ரிம் வலது பக்கம் வெளியே நிற்கும். அப்படி இருந்தால் ரிம்மைத் தேய்க்கவோ டயரை இழுத்து மாட்டவோ போகாமல், பின் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்களை முதலில் மாற்றிவிட்டு மறுபடி நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.